மூளைக் கட்டியும் மரண விகித அட்டவணையும்

மூளையில் வரும் புற்றுக் கட்டிகளில் க்ளையோபிளாஸ்டோமா என்று ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு வருவதில் மிகவும் பொல்லாதது. அந்தப் பெயரை டாக்டர் சொன்னதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாள் சார்?" என்பதுதான். டாக்டரும் கொஞ்சம் தயங்கி, "பொதுவா ஒரு பதினஞ்சு மாசம்னு சொல்வாங்க" என்பார். அந்தப் பதினைந்து எங்கிருந்து வந்தது, அது யாருடைய பதினைந்து, அதைவிட உருப்படியான கணக்கு உண்டா என்பதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. இந்த வயதில் நம்மில் பலருக்கும் சொந்தத்திலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு கேள்வி வந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு எல்.ஐ.சி.யில் 34 வருடம் குப்பை கொட்டியவன். கடைசிப் பன்னிரண்டு வருடம், வரும் புரபோசல்களை ஏற்கலாமா, கூடுதல் பிரீமியம் கேட்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று பார்க்கிற மேஜை. எங்கள் தொழிலுக்கு வேதம் மரண விகித அட்டவணை. ஐம்பது வயதுள்ள லட்சம் பேரில் இந்த வருடம் சுமார் எத்தனை பேர் போவார்கள் என்று அது சொல்லும். சொன்னபடி பெரும்பாலும் நடக்கும். ஆனால் அந்த லட்சத்தில் போகப்போவது யார் என்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் கம்பெனிக்கு இல்லை. கம்பெனிக்கு லட்சம் பேர். வீட்டுக்கு ஒரே ஆள்.

டாக்டர் சொல்லும் பதினைந்து மாதமும் இந்த ஜாதிதான். 2005-ல் ரோஜர் ஸ்டுப் என்ற டாக்டரும் அவரைச் சேர்ந்தவர்களும் 573 நோயாளிகளை வைத்து நடத்திய ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் கதிர்வீச்சு மட்டும், பாதிப் பேருக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரையும். முதல் கூட்டத்துக்கு 12.1 மாதம், இரண்டாவதற்கு 14.6 மாதம். இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த வைத்தியம்தான் அடிப்படை. அந்த 14.6-தான் வாய்வழியாகப் பதினைந்தாகிவிட்டது.

ஆனால் இந்த எண் சராசரிகூட இல்லை. வாழ்ந்த காலத்தின்படி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் எண். இடைநிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவருக்கு முன்னால் பாதிப் பேர், பின்னால் பாதிப் பேர். பின்னால் நிற்கும் பாதி எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. அதே ஆய்வில் இரண்டு வருடம் தாண்டியவர்களைப் பாருங்கள்: கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 100-க்குப் 10 பேர், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 100-க்கு 26 பேர். நடு ஆளை மட்டும் பார்த்தால் இரண்டரை மாத லாபம், இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். வரிசையின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் கதையே வேறு. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-ல் வேறொரு வகைப் புற்று வந்தது. நடு ஆள் எட்டு மாதம் என்று புத்தகத்தில் இருந்ததைப் படித்தார். எட்டு மாதத்தில் போகவில்லை, இருபது வருடம் இருந்தார். க்ளையோபிளாஸ்டோமாவில் அத்தனை நீளம் அபூர்வம். ஆனாலும் கணக்கின் தன்மை அதுதான்.

சரி, அட்டவணை கூட்டத்தைப் பற்றித்தான் பேசும் என்றால், ஓர் ஆளைப் பற்றிப் பேசும் கணக்கு உண்டா? உண்டு. அதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் எங்கள் தொழில்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. லண்டன்காரரான பெஞ்சமின் காம்பர்ட்ஸ் யூதர் என்பதால் பல்கலைக்கழகத்தில் சேர முடியாமல் தானாகவே கணிதம் படித்தவர். அலையன்ஸ் என்ற காப்பீட்டுக் கம்பெனியில் ஆக்சுவரியாக இருந்தார். வயது ஏற ஏற மரண வாய்ப்பு எந்த விகிதத்தில் ஏறுகிறது என்று 1825-ல் ஒரு சூத்திரம் எழுதினார். அதிலிருந்து வந்த வளைகோட்டை 1964-ல் அன்னா லேர்டு என்ற அம்மையார் எலி, முயல்களின் கட்டிகளோடு பொருத்திப் பார்த்தார். முதலில் வேகமாக வளர்ந்து, பெரிதாகப் பெரிதாக வேகம் குறையும் கட்டிகளுக்கு அது அழகாகப் பொருந்தியது. ஆயுள் காப்பீட்டுக்காகப் போட்ட கோடு புற்றுநோய்க்குள் நுழைந்தது அப்படித்தான்.

மூளைக் கட்டிக்கு அது மட்டும் போதாது. காரணம், இந்தக் கட்டிக்கு வரப்பு கிடையாது. நம் பக்கம் வயலில் கோரை வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே தெரிவதைப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தால் வயல் சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் எத்தனை தூரம் ஓடியிருக்கிறது என்பது அடுத்த தண்ணீர் பாய்ச்சும்போதுதான் தெரியும். க்ளையோபிளாஸ்டோமாவும் அப்படி. எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாகத் தெரிவது செடி. தெரியாமல் நல்ல மூளைக்குள் ஊர்ந்து போயிருக்கும் அணுக்கள் கிழங்கு. 1920-களில் பால்டிமோரில் வால்டர் டேண்டி என்ற அறுவை நிபுணர், ஏற்கெனவே ஒரு பக்கம் செயலிழந்துபோன சில நோயாளிகளுக்கு மூளையின் வலது பாதியையே எடுத்துப் பார்த்தார். வயலில் பாதியை வெட்டி எறிந்த மாதிரி. அப்படியும் நோய் ஒழியவில்லை.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பல்கலைக்கழகத்தில் இருவர் சேர்ந்தார்கள். ஆல்வர்ட், மூளை நோய்க்கூறு நிபுணர். ஜேம்ஸ் மர்ரி, ஸ்காட்லாந்துக்காரர், கணித உயிரியலில் பெரிய ஆள். ஒரே ஒரு நோயாளியின் கடைசி ஒரு வருடத்தில் எடுத்த சி.டி. ஸ்கேன் படங்கள் அவர்களிடம் இருந்தன. ஓர் ஆள், வரிசையாகச் சில படங்கள். அதை வைத்து அவர்களும் அவர்களோடு இருந்தவர்களும் எழுதிய சமன்பாட்டை வீட்டுத் தமிழில் சொன்னால் ஒரே வரி: ஓர் இடத்தில் கட்டி அணுக்கள் கூடும் வேகம் என்பது, பக்கத்திலிருந்து பரவி வருவதும், அங்கேயே குட்டி போட்டுப் பெருகுவதும் சேர்ந்தது. பரவுவதற்கு ஓர் எண், பெருகுவதற்கு ஓர் எண். இரண்டே எண்கள். வைத்தியம் கொடுத்தால் கொல்லப்படுவதற்கு ஒரு கழித்தல் குறி.

இந்தச் சமன்பாடு அவர்கள் புதிதாகக் கண்டதும் அல்ல. ஒரு நல்ல மரபணு ஒரு கூட்டத்துக்குள் எப்படிப் பரவும் என்று பார்க்க 1937-ல் ரொனால்டு ஃபிஷர் எழுதியது. அதே வருடம் மாஸ்கோவில் கோல்மோகரோவும் இன்னும் இருவரும் தனியாக எழுதினார்கள். ஃபிஷர் நம் கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்துக்குப் பலமுறை வந்துபோனவர். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பு நிரூபணமாகவில்லை என்று கடைசிவரை மல்லுக்கு நின்றவரும் அவரேதான். அவருடைய சமன்பாடு புற்றுநோய்க்கு வேலை செய்வதை என்னவென்று சொல்வது!

அந்தச் சமன்பாடு ஒரு விஷயத்தை அடித்துச் சொல்கிறது. கட்டியின் ஓரம் ஒரே சீரான வேகத்தில் முன்னேறும். பரவும் எண்ணையும் பெருகும் எண்ணையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் அந்த வேகம் கிடைக்கும். பெருகுவது மட்டும் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்குதான் ஆகும். காகிதத்தில் போட்ட கணக்கு நிஜத்தில் நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. பிரான்சில் மாண்டனே என்ற டாக்டரும் மற்றவர்களும் இந்தக் குடும்பத்தில் மெதுவாக வளரும் வகைக் கட்டி உள்ள 27 பேரின் படங்களை, வைத்தியம் தொடங்குவதற்கு முன் எடுத்தவற்றை, வரிசையாக அளந்து 2003-ல் வெளியிட்டார்கள். விட்டம் வருடத்துக்குச் சுமார் 4 மில்லிமீட்டர், ஏறக்குறைய நேர்கோட்டில் வளர்ந்திருந்தது. ஃபிஷர் கண்ணால் பார்த்திராத ஒன்றை அவர் சூத்திரம் சரியாகச் சொல்லியிருந்தது.

மர்ரியின் மாணவி கிறிஸ்டின் ஸ்வான்சன் இதை அடுத்த படிக்குக் கொண்டுபோனார். பிற்பாடு அரிசோனாவில் மேயோ கிளினிக்கில் வேலை பார்த்தார். மூளையின் வெள்ளைப் பகுதியில் அணுக்கள் வேகமாகவும் சாம்பல் பகுதியில் மெதுவாகவும் ஊர்வதைக் கணக்கில் சேர்த்தார். அதன்பின் அவர் குழு செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் வைத்தியத்துக்கு முன் எடுத்த படங்களிலிருந்தே அவருடைய அந்த இரண்டு எண்களையும் கணக்கிட்டார்கள். அப்படியென்றால், வைத்தியமே கொடுக்காவிட்டால் இந்தக் கட்டி இன்ன தேதியில் இன்ன அளவு இருந்திருக்கும் என்று சொல்லலாம். நிஜத்தில் அந்தத் தேதியில் உள்ள அளவு படத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரத்தை நாள் கணக்கில் சொன்னார்கள். ஈட்டிய நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கு ஒரு கணக்கு போடுவோம். பெரியசாமி, அந்தோணி என்று இருவர். வைத்தியம் தொடங்கும் நாளில் இருவருக்கும் கட்டி 3 சென்டிமீட்டர். மூன்று மாதம் கழித்து இருவருக்கும் 3.3. ரிப்போர்ட் இருவருக்கும் ஒன்றேதான்: "சிறிது வளர்ச்சி தெரிகிறது." இப்போது முந்தைய படங்களை எடுங்கள். பெரியசாமியின் கட்டி மாதம் 1 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டிருந்தது. சும்மா விட்டிருந்தாலும் மூன்று மாதத்தில் 3.3-தான் ஆகியிருக்கும். அவர் ஈட்டிய நாள் பூஜ்யம். அந்த வைத்தியம் அவருக்கு வாந்தியையும் செலவையும் தவிர வேறொன்றும் தரவில்லை. அந்தோணியின் கட்டி மாதம் 6 மில்லிமீட்டர் வேகம். விட்டிருந்தால் பதினைந்தாவது நாளே 3.3-ஐத் தொட்டிருக்கும். தொண்ணூறாவது நாள்தான் தொட்டிருக்கிறது. 75 நாள் ஈட்டியிருக்கிறார். அவருக்கு வைத்தியம் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே ரிப்போர்ட், ஒருவர் வைத்தியத்தை மாற்ற வேண்டும், மற்றவர் மாற்றவே கூடாது. நிஜக் கணக்கு இவ்வளவு எளிதல்ல, கருத்து இதுதான்.

அதிக நாள் ஈட்டியவர்கள் நிஜத்திலும் அதிக காலம் இருந்தார்கள் என்று ஸ்வான்சன் குழு 2013-ல் வெளியிட்டது. கதிர்வீச்சுக்குப் பிறகு படத்தில் தெரியும் வளர்ச்சி நிஜமா பொய்யா என்று பிரிக்கவும் இந்த வகைக் கணக்கு உதவுகிறது என்பதும் அதே வருடம் வந்தது.

பொய் வளர்ச்சி என்பது என் வீட்டுச் சமாச்சாரம். தங்கை வீட்டுக்காரருக்கு இந்தக் கட்டிதான் வந்தது. ஆபரேஷன் முடிந்து முப்பது நாள் கரண்ட் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்ததில் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் வராந்தாவில் நடந்துகொண்டே, "ரெஸ்பான்ஸ் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கை எனக்குப் போன் பண்ணினாள். "அண்ணே, அப்ப முப்பது நாளும் வீண்தானா?" என்று கேட்டாள். வேறோர் ஊசி போடலாம், லட்சக்கணக்கில் ஆகும் என்றார்கள். நகை அடகுக்குப் போனது. மாப்பிள்ளை விவரம் தெரிந்தவர். யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டு சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி வந்துபோனார்கள். உயிரோடு இருக்கிற ஆளுக்கு வீடு துக்கம் காத்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் கழித்து வேறொரு டாக்டர் மறுபடி படம் எடுக்கச் சொன்னார். வீக்கம் வற்றியிருந்தது. கதிர்வீச்சால் வந்த வீக்கம் அது. முதல் மூன்று மாதத்தில் இப்படி வருவது சகஜம், அந்தச் சமயத்தில் படத்தை மட்டும் பார்த்து அவசரப்படக் கூடாது என்பது 2010-லிருந்தே மருத்துவ உலகத்தின் விதிமுறையில் இருக்கிறது.

மாப்பிள்ளை மொத்தம் பதினொரு மாதம் இருந்தார். நடு ஆளுக்கு முன்னாலேயே போய்விட்டார். எந்தச் சமன்பாடும் அவரைப் பிழைக்க வைத்திருக்காது, அப்படி நான் சொல்ல வரவும் இல்லை. பதினொரு மாதத்தில் இரண்டு மாதம் தவறான ஒரு வாக்கியத்துக்குப் போனது. அதைத்தான் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில் கட்டி முன்பு என்ன வேகத்தில் வளர்ந்தது என்று யாராவது பார்த்தார்களா? பார்க்க முடியாது. முதலில் வெளியூரில் எடுத்த ஸ்கேன் ஃபிலிம் கைமாறிக் கைமாறி எங்கேயோ போய்விட்டது. ஒரே ஒரு படம் இருந்தால் அளவு தெரியும், வேகம் தெரியாது. பஸ் கும்பகோணத்தில் நிற்கிற போட்டோவைக் காட்டி எத்தனை மணிக்குத் தஞ்சாவூர் போகும் என்று கேட்ட மாதிரி.

இந்தக் கணக்குகளைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் மரண தேதியைச் சொல்லிவிடும் என்று ஒன்று சுற்றுகிறது. இது ஜாதகம் அல்ல. கட்டிக்குள் ஒரே மாதிரி அணுக்கள் இல்லை. மருந்துக்குச் சாகாதவை மிஞ்சி மறுபடி கிளம்பும், அப்போது பழைய இரண்டு எண்ணும் செல்லாது. கதிர்வீச்சின் மொத்த அளவை மாற்றாமல் எந்த நேரத்தில் எவ்வளவு கொடுப்பது என்பதை மட்டும் கணிதத்தால் மாற்றியமைத்து, மூளைக் கட்டி உள்ள எலிகளை அதிக நாள் வாழ வைத்ததாக 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. நல்ல செய்தி. ஆனால் எலிக்கும் நமக்கும் நடுவில் வெகுதூரம் இருக்கிறது.

எனக்கு இருக்கிற பயம் வேறு. புரபோசல் மேஜையில் உட்கார்ந்தவனாகச் சொல்கிறேன். ஓர் எண் பிறந்துவிட்டால் அது பிறந்த காரியத்தோடு நிற்காது. ஒருவருக்கு வைத்தியம் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கண்டுபிடித்த எண்ணை, "உங்களுக்கு ஈட்டிய நாள் இவ்வளவுதான், அதனால் அடுத்த மருந்துக்குப் பணம் தர மாட்டோம்" என்று சொல்லப் பயன்படுத்த ரொம்ப நாள் ஆகாது. கூட்டத்துக்கான எண்ணால் ஆளை மறுப்பது அநியாயம் என்றால், ஆளுக்கான எண்ணால் அவரையே மறுப்பது அதைவிடக் கூர்மையான அநியாயம். இன்னது அட்டவணையில் இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்ட காலத்தில், மேல்முறையீட்டுக்காவது ஒரு வழி இருந்தது. உங்கள் மூளையே சொல்கிறது என்றால் யாரிடம் போய் முறையிடுவது? ஆகவே இந்த எண் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் இருக்க வேண்டும், பணம் கொடுக்கிறவன் மேஜைக்குப் போகக் கூடாது என்பது என் கட்சி. அதை இப்போதே, எண் நம் ஊருக்கு வருவதற்கு முன்பே, சட்டமாக எழுதி வைத்துவிட வேண்டும்.

அது வரும்வரை நாம் செய்யக்கூடியது சொற்பம்தான், ஆனால் காசு செலவில்லாதது. முதல் ஸ்கேனிலிருந்து எல்லாவற்றையும் சி.டி.யில் கேட்டு வாங்குங்கள். ஃபிலிம் மட்டும் போதாது, கணக்குப் போடுவதற்கு சி.டி.தான் வேண்டும். ஆபரேஷன் தேதி தள்ளிப்போய் அதற்கு முன் இரண்டாவது தடவை ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், அதே படத்தை எதற்கு மறுபடி என்று சண்டை போடாதீர்கள். வேகத்தைக் காட்டுவது அந்த இரண்டாவது படம்தான். வளர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னால், "வைத்தியம் இல்லாவிட்டால் எவ்வளவு வளர்ந்திருக்கும் சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கூடவே ஒரு நோட்டில், ஸ்கேன் எடுத்த அன்று டெக்ஸாமெதசோன் மாத்திரை எத்தனை மில்லிகிராம் சாப்பிட்டார் என்று குறித்து வையுங்கள். அது வீக்கத்தை வற்ற வைக்கும் மருந்து. ஒரு தடவை எட்டும் அடுத்த தடவை இரண்டும் சாப்பிட்டிருந்தால், கட்டி இருந்தபடி இருந்தாலும் படம் வேறு மாதிரி தெரியும்.